எங்கள் வளாகத்தில் மூன்று பெட்டிகளை ஒளித்து வைத்த அனுபவம்

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையினருக்கு ஒரே பல்கலைக்கழக வளாகத்தோடு தொடர்பு உண்டு. என் தாயாரின் தந்தை அதன் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகப் பணியாற்றினார். அம்மா அங்கே தாவரவியல் படித்தார். அக்கா இயற்பியல் துறையில் ஆய்வு செய்தார். இப்போது என் மகள் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் மட்டும் வேறோர் ஊரில் படித்தேன் என்பதால், அந்த வளாகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அனைத்தும் பிறர் சொல்லிக் கேட்டவையே. அச்சகத்தின் வாசலில் தாத்தா உட்காரும் பெஞ்சு, தாவரவியல் தோட்டத்தின் கோடியில் நிற்கும் கிங்கோ மரம், இயற்பியல் துறைக்கு முன்னாலுள்ள சூரியக் கடிகாரம் ஆகிய மூன்றையும் நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு மனப்பாடமாகத் தெரியும். மகளை விடுதியில் சேர்க்கச் சென்ற அன்று அவற்றைத் தேடிப் போனேன். மரமும் கடிகாரமும் இருந்தன, பெஞ்சு இல்லை. அந்த மூன்று இடங்களிலும், லெட்டர்பாக்ஸிங் என்ற தேடல் விளையாட்டுக்காக, அவர்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பெட்டி வைக்கலாம் என்ற எண்ணம் திரும்பும் வழியில் தோன்றியது. அதைச் செய்து முடிக்க ஒன்பது மாதங்கள் பிடித்தன. கெட்டுப்போன வேலைகளையும் சேர்த்தே இங்கே பதிவு செய்கிறேன்.

லெட்டர்பாக்ஸிங் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள். நீர் புகாத சிறிய பெட்டியொன்றில் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, அதைப் பொது இடத்தில் ஒளித்துவிட்டு, அங்கே சென்று சேரும் வழியைப் புதிராகவோ நேரடியாகவோ எழுதி வெளியிடுவதே இந்த விளையாட்டு. தேடி வருபவர் தம்முடைய சொந்த முத்திரை, ஸ்டாம்ப் பேட், ஏடு ஆகியவற்றைக் கையோடு கொண்டுவருவார். பெட்டியிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டிலும், தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும் பதித்து, தேதியையும் புனைபெயரையும் எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே மறுபடி ஒளித்து வைப்பார். எடுத்துச் செல்லப் பரிசு எதுவும் கிடையாது. முதலில் கண்டுபிடிப்பவருக்காக ஒரு சிறு சான்றிதழை உள்ளே வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, நானும் வைத்தேன்.

இது இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் தொடங்கியது. 1854-ஆம் ஆண்டு, சாக்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றுசேர முடியாத கிரான்மியர் பூல் என்னும் இடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னர் தம் முகவரியைத் தாமே எழுதிய அஞ்சலட்டையை விட்டுச் செல்வதும், அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயின. விளையாட்டின் பெயர் அப்படி வந்ததுதான். டார்ட்மூரைப் பற்றி விரிவாக எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938-இல் டக்ஸ் பூலில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. ஆகவே, ஒருவரை நினைத்துப் பெட்டி வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் இதழில் டார்ட்மூர் பெட்டிகளைப் பற்றி வந்த கட்டுரைக்குப் பிறகு அமெரிக்காவிலும் இது பரவியது. 2000-இல் ஜிபிஎஸ் கருவியை நம்பிப் பிறந்த ஜியோகேஷிங் இதன் இளைய உறவு. அங்கே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களே வழியைச் சொல்லிவிடும். இங்கே வாக்கியங்கள் சொல்ல வேண்டும். வாக்கியத்தை எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்பது எனக்கு ஏழாவது மாதத்தில்தான் புரிந்தது.

முதலில் செய்தது அனுமதி கேட்டது. வளாகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் மூடிய பெட்டி காவலர்களை அச்சுறுத்தும் பொருள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வளாகப் பராமரிப்பு அலுவலகத்துக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் வரைபடத்துடன் கடிதம் எழுதி, மூன்று இடங்களையும் குறித்துக் காட்டி, பெட்டியின் படத்தையும் இணைத்திருந்தேன். சில நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது: மண்ணைத் தோண்டக் கூடாது, சுவரின் கல்லையோ செங்கல்லையோ பெயர்க்கக் கூடாது, மின்பெட்டி, காற்றுத் துளை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது, உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரிய வேண்டும், மேலே விளக்கச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், எடுக்கச் சொன்னால் அன்றே எடுத்துவிட வேண்டும். பெட்டி கண்ணில் படாமலிருக்க மங்கிய பச்சை வண்ணம் பூசலாம் என்று நினைத்திருந்த எனக்கு, உள்ளிருப்பது தெரிய வேண்டும் என்ற நிபந்தனை முதலில் தொல்லையாகவே பட்டது. யோசித்தபோது, கண்டெடுக்கும் காவலர் திறக்காமலேயே ஒரு நோட்டும் ஒரு ரப்பர் துண்டும் இருப்பதைப் பார்த்துவிட முடிவது எல்லோருக்கும் நல்லது என்று தோன்றியது. மூடியில் மட்டும் வண்ணம் பூசி, உடலைக் கண்ணாடிபோல் விட்டுவிட்டேன். இரு முனையும் அடைத்த குழாய் வடிவக் கொள்கலனை எந்தப் பொது இடத்திலும் யாரும் பயன்படுத்தக் கூடாது. அது எதைப்போல் தோன்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது முத்திரை. தாத்தாவின் பெட்டிக்கு ‘அச்சு’ என்ற சொல்லைச் செதுக்குவது என்று முடிவு செய்தேன். லினோ என்னும் மென்தகட்டில் அச்சுப்படம் செதுக்கப் பயன்படும் சிற்றுளிகளில் மிகக் குறுகிய வி வடிவ உளி ஒன்று, சற்று அகன்ற யு வடிவ உளி ஒன்று, நான்கு சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு மென்ரப்பர்த் துண்டு ஆகியவை போதும். படத்தை ரப்பருக்கு மாற்ற இரண்டு வழிகள் உண்டு. டிரேசிங் தாளில் மென்பென்சிலால் வரைந்து, தாளைக் குப்புறப் போட்டு நகத்தால் தேய்ப்பது ஒன்று. லேசர் அச்சுப்பொறியில் எடுத்த தாளை ரப்பரின் மீது குப்புறக் கவிழ்த்து, அசிட்டோன் தோய்த்த பஞ்சால் பின்புறத்தை ஒற்றி எடுப்பது மற்றொன்று. அச்சுப்பொறியின் மைத்தூளான டோனரில் இருக்கும் பிளாஸ்டிக்கை அசிட்டோன் இளக்கி ரப்பரில் ஒட்டவைக்கிறது. இங்க்ஜெட் தாளில் இது நடக்காது. பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. சொட்டினால் ரப்பரின் மேற்பரப்பே பிசுபிசுத்துவிடும்.

நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, முத்திரை என்றால் தலைகீழாகத்தானே இருக்க வேண்டும் என்று எண்ணி, கணினியிலேயே சொல்லைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்செடுத்தேன். தாளைக் கவிழ்க்கும்போது அது இன்னொரு முறை திரும்பிவிடும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. இரண்டு மாலைகள் செதுக்கிய பிறகு, பதித்துப் பார்த்தால் சொல் இடவலமாக மாறி நின்றது. ரப்பரில் படிக்கும்போது எழுத்து நேராக இருந்ததைப் பார்த்த கணமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். ஈய எழுத்துகள் ஒவ்வொன்றும் இடவலம் மாறியே வார்க்கப்பட்டிருக்கும். அச்சுக்கோப்பவர் அவற்றை, எழுத்தை அடுக்கும் கைத்தட்டான கம்போசிங் ஸ்டிக்கில் தலைகீழாக நிறுத்தி இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போவார். ஆகவே வரிகளை அவர் தலைகீழாகவே, அச்சடித்த பக்கத்தைப் படிக்கும் அதே வேகத்தில் படித்துப் பழகியிருப்பார். “உன் தாத்தா நாளிதழைக்கூடத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக் காட்டுவார், எங்களை மிரட்டுவதற்காக” என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான் ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: உளியை எடுப்பதற்கு முன் ரப்பரை ஒரு கண்ணாடியின் முன் காட்டுவது, கண்ணாடியில் நேராகப் படிக்க முடிந்தால் மட்டுமே செதுக்கத் தொடங்குவது.

இரண்டாவது முயற்சி வேறு காரணத்தால் கெட்டது. தமிழ் எழுத்துகளில் நேர்கோடு குறைவு, வளைவு அதிகம். ‘அ’வின் சுழிக்குள் இருக்கும் சிறிய வெண்பரப்பும், ‘ச்’சின் மேலுள்ள புள்ளியும் உளிக்குச் சோதனையானவை. வளைவில் கையைத் திருப்பினால் கோடு நெளிகிறது. உளியைப் பிடித்த கையை அசையாமல் வைத்துக்கொண்டு, இடக்கையால் ரப்பர்த் துண்டைத் திருப்ப வேண்டும். அதை விரைவில் கற்றுக்கொண்டேன். ஆனால் கோட்டின் ஓரத்தை உளியால் உள்நோக்கிச் சாய்த்து வெட்டியதால், புள்ளியின் அடிப்பகுதி மேற்பகுதியைவிட மெலிந்துபோய், ஐந்தாவது முறை பதித்தபோது பிய்ந்து ஸ்டாம்ப் பேடிலேயே தங்கிவிட்டது. விட்டுவைக்கும் கோட்டின் பக்கச் சுவர் கீழே போகப் போக அகல வேண்டும், மலையின் சரிவைப் போல. முதலில் எழுத்தின் உட்புறத்தை வி உளியால் மெல்ல எடுத்து, பிறகு வெளிக்கோட்டைச் சுற்றி, கடைசியில் மீதிப் பரப்பை யு உளியால் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு வழித்தெடுப்பது என்ற வரிசை எனக்குப் பழகிவிட்டது. மூன்றாவது முத்திரை தேறியது. வெற்றுப் பரப்பில் உளியின் தடங்கள் சில மையை வாங்கிக்கொண்டு சிறு கீற்றுகளாகப் பதிகின்றன. அவற்றையும் வழித்தெடுக்க முடியும் என்றாலும், கைவேலை என்பதற்கு அடையாளமாக விட்டுவிட்டேன்.

அம்மாவின் பெட்டிக்கு கிங்கோ இலை. விசிறி வடிவம், காம்பிலிருந்து கிளம்பும் நரம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்துகொண்டே விளிம்புவரை செல்கிறது. நரம்புகளைக் கருங்கோடாக விட்டால் நாற்பது மெல்லிய சுவர்களைச் செதுக்க வேண்டியிருக்கும். இலை முழுவதையும் கறுப்பாக விட்டு, நரம்புகளை வெள்ளைக் கோடாக வி உளியால் ஒரே இழுப்பில் இழுத்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அக்காவின் முத்திரையான, சூரியக் கடிகாரத்தில் நிழலை உண்டாக்கும் முக்கோண நிழற்காட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நேர்கோடுகள், ஒரு நிழல்.

குறிப்பேட்டுக்குக் கடையில் கிடைக்கும் நோட்டைப் பயன்படுத்தாதது நல்ல முடிவு. மெல்லிய தாளில் முத்திரை மை மறுபக்கம் ஊறித் தெரியும். வழவழப்பான தாளில் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பளபளப்புப் பூச்சு இல்லாத 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாளை மடித்து, நடுமடிப்பில் மூன்று துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். ஸ்டேப்ளர் ஊசி போட்டால் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடித்துப் பழுப்புக் கறை பரவிவிடும். முதல் பக்கத்தில் பெட்டி யாருக்காக வைக்கப்பட்டது என்பதை நான்கு வரிகளில் எழுதி, கடைசிப் பக்கத்தில் ஒரு ஒற்றுத்தாளையும் ஒட்டினேன். பெட்டிக்குள் ஸ்டாம்ப் பேட் வைக்கவில்லை. வெயிலில் காய்ந்தோ ஈரத்தில் கசிந்தோ அது மற்றவற்றையும் கெடுத்துவிடும். வருகிறவர்கள் நிறமி மையைக் கொண்டுவருவது நல்லது. சாய மையில் பதித்த பக்கம் ஒரு துளி நீர் பட்டாலும் கரைந்து படர்கிறது, நிறமி மையோ காய்ந்த பிறகு அசைவதில்லை. இதை முதல் பக்கத்திலேயே வேண்டுகோளாக எழுதிவைத்தேன். பாதிப் பேர்தான் கேட்கிறார்கள்.

பெட்டிகளில்தான் எதிர்பாராத பாடம் கிடைத்தது. மென்ரப்பர்த் துண்டுகள் தீர்ந்துபோனதால், அக்காவின் முத்திரையை வெள்ளை அழிரப்பரில் செதுக்கியிருந்தேன். அதையும் மற்றவற்றையும் கெட்டியான, கண்ணாடிபோல் தெளிவான பெட்டிகளில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்துத் திறந்தால், அழிரப்பர் முத்திரை பெட்டியின் அடியில் உருகியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்தபோது நிழற்காட்டியின் ஒரு முனை பெட்டியிலேயே தங்கியது. பெட்டியின் அடிப்பரப்பிலும் பள்ளம் விழுந்திருந்தது. வெப்பம் காரணம் என்று நினைத்தேன். மகள் பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த முக்கோணக் குறியைக் காட்டினாள்; அதற்குள் 6 என்ற எண் இருந்தது. அது பாலிஸ்டைரீன். இவ்வகை அழிரப்பர் பிவிசியால் ஆனது. அதை மென்மையாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. கடையில் வாங்கும் அழிரப்பருக்குக் காகித உறை போட்டிருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருப்பதால் நான் அடைந்த முதல் லாபம் இதுதான் என்று அவளிடம் சொன்னேன், அவள் மகிழவில்லை. அதன்பின் 5 என்ற எண் பொறித்த, பாலிபுரோபிலீனாலான, சிலிக்கோன் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள பெட்டிகளை வாங்கினேன். கண்ணாடிபோல் தெளிவாக இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது தெரிகிறது. முத்திரையைத் துணியில் சுற்றி ஒரு ஜிப் பையிலும், குறிப்பேட்டை வேறொரு ஜிப் பையிலும் போட்டேன். மை காயாத முத்திரை ஏட்டை அழுக்காக்காமலிருக்கவும் இந்தப் பிரிவினை உதவுகிறது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். அடிக்கடி திறந்து மூடப்படும் பெட்டியில் அது சில நாள்களிலேயே கொள்ளும் அளவு ஈரத்தைக் குடித்து நிரம்பிவிடும். அதற்குப் பிறகு அது வெறும் பொட்டலம். மழை நாளில் வெளியே வைத்து மூடும்போது ஈரக்காற்றும் சேர்ந்து அடைபடுகிறது, இரவில் குளிர்ந்ததும் அது நீர்த்துளியாகப் படிகிறது. வறண்ட நாளில் திறந்து, ஏட்டை ஒருமுறை விசிறி மூடுவது பொட்டலத்தைவிட அதிகப் பயன் தருகிறது.

இனி வழிக்குறிப்புகள். முதலில் எழுதியவற்றை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. தாத்தாவின் பெட்டிக்கு, “எழுத்தை அடுக்கியவர் இளைப்பாறிய இடத்தில் நின்று, வெளிச்சம் வந்த திசையில் 40 அடி நட” என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது அழகாகத் தோன்றியது. சோதனைக்காக மகளின் விடுதித் தோழி ஒருத்தியை அனுப்பினோம். அவள் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து இரண்டு கேள்விகள் கேட்டாள். இளைப்பாறிய இடம் எது? பெஞ்சு அங்கே இல்லை. அது இருந்தது எங்கள் வீட்டுப் பேச்சில் மட்டுமே. இரண்டாவது, 40 அடி என்றால் அளவுநாடாவில் உள்ள அடியா, நடக்கும் அடியா? அவள் நாடாவின் அடியாகக் கொண்டு பன்னிரண்டு மீட்டரில் நின்றுவிட்டாள். நான் காலடியாக நினைத்து எழுதியதில் கிட்டத்தட்ட முப்பது மீட்டர் வரும். நம் மொழியில் ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துவதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

அம்மாவின் பெட்டிக்கு எழுதியதில் திசைகாட்டி காலை வாரியது. தோட்டத்தின் வாயிலில் நின்று எத்தனை பாகையில் நடக்க வேண்டும் என்று அளந்து எழுதியிருந்தேன். வாயில் கதவும் வேலியும் இரும்பு. அதை ஒட்டி நின்று அளந்தபோது ஒரு எண்ணும், பத்துக் காலடி தள்ளி நின்று அளந்தபோது வேறு எண்ணும் வந்தன. இரண்டுக்கும் இருபது பாகைக்கு மேல் வேறுபாடு. வளாகம் என்பது இரும்புக் கம்பி பாய்ச்சிய கட்டடங்களும் கைப்பிடிகளும் நிறைந்த இடம். வெட்டவெளி மேட்டுநிலத்தில் பிறந்த பாகைக் கணக்கு இங்கே நம்பத்தக்கதல்ல.

அப்போதுதான் மூன்று குறிப்புகளையும் கிழித்துப்போட்டு, வேறு கேள்வியிலிருந்து தொடங்கினேன்: குடும்பத்தார் சொன்ன கதையில், எங்களைத் தெரியாதவரின் கண்ணுக்கும் இன்று தெரியக்கூடிய பகுதி எது? தாத்தாவின் பெஞ்சு போய்விட்டாலும், அச்சகக் கட்டடம் இன்னும் இருக்கிறது; இப்போது அங்கே வேறு அலுவலகங்கள் இயங்குகின்றன. எடை மிகுந்த இயந்திரங்களுக்காகத் தரைத்தளத்தில் அமைந்த உயரமான கூடமும், நேர்வெயில் படாத பக்கத்தில் எழுத்துக் கோப்பவர்களுக்காக வரிசையாகத் திறந்த அகன்ற சன்னல்களும் அப்படியே உள்ளன. எனவே சன்னல்களை எண்ணச் சொன்னேன். பெஞ்சைத் தேட வேண்டியதில்லை. ஐந்தாவது சன்னலின் எதிரிலுள்ள படிக்கட்டின் பக்கவாட்டில், புதருக்கும் கல்லுக்கும் இடையில் கையை விட்டால் போதும். பெஞ்சைப் பற்றிய கதை குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்குப் போயிற்று; பெட்டியைத் தேடி வந்து சேர்ந்தவர் அதை நிதானமாகப் படிக்கலாம்.

சூரியக் கடிகாரம் திசைகாட்டியின் சிக்கலைத் தானே தீர்த்தது. அதன் நிழற்காட்டியின் சாய்ந்த விளிம்பு, பூமியின் அச்சுக்கு இணையாக, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில் துருவத்தை நோக்கி உயர்கிறது. காந்தமும் இரும்பும் அதை ஒன்றும் செய்ய முடியாது. “நிழலை உண்டாக்கும் முக்கோணம் எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் பார், பார்வை முட்டும் சுவரில் நீர் வடியும் மூலைக்குப் போ” என்று எழுதினால் போதுமானதாக இருந்தது. வரைவைப் படித்த அக்கா, நிழலின் நேரத்தையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றார். நவம்பர் தொடக்கத்தில் சூரியக் கடிகாரம் சராசரி நேரத்தைவிடப் பதினாறு நிமிடம் முந்தியும், பிப்ரவரி நடுவில் பதினான்கு நிமிடம் பிந்தியும் காட்டும் என்பதை வைத்து அழகான புதிர் ஒன்றை அவர் எழுதியும் அனுப்பினார். மேகமூட்டமான நாளில் வருபவர் என்ன செய்வார் என்று கேட்டேன். அது அவர்கள் பாடு என்றார். புதிரைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், விருப்பமுள்ளவர்களுக்காக ஒட்டிவைத்தேன்.

கிங்கோ மரத்தில்தான் எனக்கு மிகுந்த அதிர்ஷ்டம். அம்மா பத்தொன்பது வயதில், வகுப்பு வேலையாக, அந்த மரத்தில் தம் கண் மட்டத்தில் ஓர் உலோகப் பெயர்த்தகட்டை ஆணியடித்து மாட்டியதாகச் சொல்வார். மரம் வளர்ந்து தகடு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும் என்று எண்ணி நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தின் உயரம் கிளை நுனிகளில்தான் கூடுகிறது. அடிமரம் பருக்குமே தவிர நீளாது. ஆகவே ஆணி அடித்த உயரத்திலேயே இருந்தது. ஆனால் பருத்துக்கொண்டே வந்த பட்டை தகட்டின் இரு ஓரங்களையும் மூடி, பெயரின் நடு எழுத்துகளை மட்டும் வெளியே விட்டிருந்தது. (இப்போதெல்லாம் மரங்களில் இப்படி ஆணி அடிப்பதில்லை, சுருள்கம்பி வைத்து, மரத்தோடு சேர்ந்து நகரும்படி மாட்டுகிறார்கள்.) இதைவிட நல்ல அடையாளம் வேறு கிடைக்காது. குறிப்பு இப்படி அமைந்தது:

“விசிறி இலையில் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரியும் மரத்தைத் தேடு, பழம் உதிரும் காலமானால் மூக்கே வழி சொல்லும். பட்டை விழுங்கிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு முதுகைக் காட்டி நில். எதிரே மூன்று கற்கள். நடுக்கல்லின், மரத்தைப் பார்க்காத பக்கத்தில் சருகுக்குக் கீழே.”

இரண்டாவது சோதனையில் அதே தோழி மூன்று பெட்டிகளையும் ஐம்பது நிமிடங்களில் எடுத்துவிட்டாள். குறிப்புகளை வெளியிட்டோம்.

மூக்கைப் பற்றி எழுதியதை நான் நகைச்சுவையாகவே நினைத்திருந்தேன். கிங்கோவில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. பெண் மரத்தின் விதைகளைச் சுற்றியுள்ள சதையில் பியூட்டிரிக் அமிலம் இருப்பதால், அது உதிர்ந்து நசுங்கும்போது கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் வீசும். அந்த இலையுதிர் காலத்தில் பெட்டியைப் பார்க்கச் சென்ற மகள், மூடியின் மேல் அந்தச் சதை அப்பிக் கிடந்ததாகவும், கையுறை வாங்கித் தராவிட்டால் இனிமேல் அந்தப் பெட்டியைப் பராமரிக்க முடியாது என்றும் தெரிவித்தாள். குறிப்பேட்டிலும் இருவர் அதையே நாகரிகமான சொற்களில் எழுதியிருந்தார்கள். பெட்டியைக் கல்லின் கீழ்ச்சாய்வுக்கு இரண்டு சாண் நகர்த்தி, மேலே தட்டையான ஓட்டுச்சில்லு ஒன்றைக் கூரையாக வைத்த பிறகு குறை தீர்ந்தது. மற்றபடி ஓராண்டில் செய்த பராமரிப்பு சொற்பம். அச்சகப் பெட்டியின் பூட்டுக் காது ஒன்று வெயிலில் வெடித்ததால் பெட்டியையே மாற்றினோம். சூரியக் கடிகாரப் பெட்டியை யாரோ தவறுதலாக வேறு மூலையில் வைத்துவிட, அடுத்து வந்த மூன்று பேர் ஏமாந்து திரும்பினார்கள். அதன்பின் மூடியின் உட்புறத்தில், பெட்டி இருக்க வேண்டிய இடத்தின் சிறு படத்தை வரைந்து ஒட்டினோம். மூன்று ஏடுகளிலும் சேர்த்து 41 முத்திரைகள் பதிந்திருக்கின்றன.

அம்மாவுக்குப் பயணம் செய்ய முடிந்தது அதற்கடுத்த இளவேனிலில். தமக்கென்று ஒரு முத்திரை வேண்டும் என்றார். அவர் கேட்டபடி ஓர் உருப்பெருக்கியைச் செதுக்கிக் கொடுத்தேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் வழிக்குறிப்பை நீட்டினேன். என் மரத்துக்கு எனக்கே வழி சொல்கிறாயா என்று வாங்க மறுத்து நேராக நடந்தார். தகட்டின் முன் நின்று, அது தம் கண் மட்டத்தைவிட நான்கு விரல் உயர்ந்திருப்பதைப் பார்த்து, “மரம் நகரவில்லை, நான்தான் குறைந்துவிட்டேன்” என்றார். பிறகு வேர்களுக்கு இடையிலும், மரத்தடியைச் சுற்றிலும், அந்தக் காலத்தில் தாம் மதிய உணவுப் பாத்திரத்தை வைக்கும் பொந்திலும் தேடினார். இருபது நிமிடம் கழித்து, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். குறிப்பைக் கொடுத்தேன். படித்தார், தகட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார், நடுக்கல்லின் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தார்.

முத்திரையைப் பதித்து, தேதியிட்டு, அதன் கீழே நீண்ட நேரம் ஏதோ எழுதினார். அவர் போன பிறகு ஏட்டைத் திறந்து பார்த்தேன். “வழிக்குறிப்பில் ‘பழம் உதிரும் காலம்’ என்றிருப்பது பிழை. கிங்கோ விதைமூடாத் தாவரம். அதற்குப் பழம் கிடையாது. உதிர்வது சதைப்பற்றுள்ள விதை. திருத்தவும்.” அன்று இரவே திருத்திவிட்டேன்.